மாற்றுப் பயணம்

ஜெர்மனி விசாவுக்காக ஆறு பேர் கானாவின் தலைநகர் அக்ராவுக்குப் போய் வந்தார்கள். கிடைத்தது நான்கு பேருக்குத்தான்.

கல்லூரி முற்றத்து வேப்பமரத்தடியில் வைத்து அல்ஹாசன் சார் பாஸ்போர்ட்டுகளைக் கொடுத்தார். நெயின்டோவிடம் கொடுத்தபோது அவன் தோளைத் தட்டினார். அடுத்த மூன்று பேருக்கும் அப்படியே. வுன்பினிக்கும் தியும்பாவுக்கும் மட்டும் கொடுத்துவிட்டுக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "உக்காருங்க" என்றார்.

வுன்பினி உட்காரவில்லை. நின்றபடியே பாஸ்போர்ட்டுக்குள் இருந்த தாளைப் படித்தாள். பயணம் முடிந்ததும் விண்ணப்பதாரர் சொந்த நாட்டுக்குத் திரும்புவார் என்ற நம்பிக்கை ஏற்படவில்லை என்று எழுதியிருந்தது.

"சார், மூணு வாரம்தானே போறோம்?"

"ஆமா."

"திரும்பி வரமாட்டேன்னு நான் யார்கிட்டயாவது சொன்னேனா?"

"நீ சொல்லலம்மா. அவங்களா நெனச்சுக்கிட்டாங்க."

தியும்பா தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டான். அந்த வாரமே குமாசி நகரத்தில் மாமா வேலை செய்யும் கட்டடத்துக்குச் சம்பளத்துக்குப் போனான்.

வுன்பினியின் அம்மா அவர்கள் ஊரான யெண்டியின் லாரி நிறுத்தத்தில் காராமணி வடை சுடுகிறவள். மகள் வந்து சொன்னதை எண்ணெயிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள்.

"அப்படி என்ன ஊருடி அது? போனவ திரும்ப மாட்டான்னு அவங்களே சொல்லிக்கிறாங்க?"

வுன்பினிக்குச் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பிலேயே அது அழுகையாகிவிட்டது. அம்மா அதைப் பார்க்காதவள் போல அடுப்பை ஊதினாள். பிறகு இரண்டு வடையைத் தாளில் வைத்து அவள் பக்கம் தள்ளினாள்.

அந்தப் பயண ஏற்பாடு தொடங்கியது ஜனவரியில், வடக்கிலிருந்து புழுதிக்காற்று வீசும் காலத்தில். ஜெர்மனியில் ஒரு சிறு ஊரின் கட்டடக்கலைப் பள்ளியிலிருந்து ஆறு மாணவர்கள் வந்தார்கள். இங்கே மூன்று வாரம் சேர்ந்து ஒன்றைக் கட்டுவது. ஜூனில் இங்கிருந்து ஆறு பேர் அங்கே போய் வைக்கோல் கட்டுகளால் சுவர் எழுப்புவது, காற்றாலைகளைப் பார்ப்பது. இதுதான் பேச்சு. கட்டியது பெண்கள் விடுதிக்கு ஒரு படிப்பறை. செம்மண்ணோடு கொஞ்சம் சிமெண்டு கலந்து அழுத்திய கல்லால் சுவர், மேலே தகரம், தகரத்தின் மேல் சோலார் பலகைகள். பரீட்சை நேரத்தில்தான் யெண்டியில் கரண்டு போகும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

வுன்பினிக்குக் கிடைத்த ஜோடி ரீக்கே. கல் அழுத்தும் இயந்திரத்தின் கைப்பிடி ஆள் உயரம். ஒருத்தியால் அதைக் கீழே இறக்க முடியாது. ரீக்கே எம்பித் தொங்குவாள், கால் தரையில் படாது.

"நீ தின்னுறது பத்தாதுடி. களியை இன்னும் ரெண்டு உருண்டை தின்னு, அப்புறம் வா" என்பாள் வுன்பினி.

"தின்னுட்டுத்தான் தொங்குறேன். மெஷினுக்குத்தான் என்னைப் பிடிக்கல."

மூன்று வாரத்தில் இருவரும் சேராத இடமில்லை, சண்டை போடாத விஷயமில்லை. சிமெண்டு எவ்வளவு போடுவது என்பதில் தொடங்கி, சோற்றில் சர்க்கரை போட்டுத் தின்னலாமா என்பது வரை. கிளம்பும் அன்று ரீக்கே, "ஜூன்ல பார்ப்போம்" என்றுதான் சொன்னாள். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

விசா செய்தி போன மறுநாள் எல்லாரும் சேர்ந்திருந்த போன் குழுவில் ரீக்கேயின் செய்தி வந்து நின்றது. ஆறு பேரும் வர வேண்டும், இல்லையென்றால் யாரும் வர வேண்டாம், இந்த அநியாயத்தில் எங்களுக்குப் பங்கு வேண்டாம், பள்ளி முழுக்கக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்று எழுதியிருந்தாள். கீழே அவள் தோழர்கள் ஐந்து பேரும் ஆமாம் போட்டிருந்தார்கள்.

சாப்பாட்டுக் கூடத்தில் அதைப் பற்றித்தான் பேச்சு.

"நல்ல பொண்ணு" என்றான் ஒருவன்.

"ரொம்ப நல்ல பொண்ணு" என்றாள் இன்னொருத்தி. இருவர் குரலிலும் உயிரில்லை.

நெயின்டோ களியைப் பிசைந்துகொண்டிருந்தான். அவன் அப்பா போன வெள்ளிக்கிழமை ஆடு அறுத்து உறவுக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார். புதுக் காலணி வாங்கி, அது கடிக்காமல் இருக்க அறைக்குள்ளேயே போட்டு நடந்து பழகிக்கொண்டிருந்தான். வுன்பினி தட்டோடு வந்ததும் நகர்ந்து இடம் கொடுத்தான். தேவைக்கு அதிகமாகவே நகர்ந்தான். இவர்கள் எல்லாரும் தன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. யாரும் கேட்கப்போவதில்லை. கேட்காமலேயே காத்திருப்பார்கள்.

தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து ரீக்கேயைக் கூப்பிட்டாள்.

"யாரைக் கேட்டு அதை எழுதின?"

"உனக்காகத்தான். இது அநியாயம்."

"அநியாயம்தான். அதுக்கு நெயின்டோ என்ன பண்ணுவான்?"

"அவன் மட்டுமா? நாங்களும்தான் இழக்கிறோம்."

"நீங்க என்ன இழக்கிறீங்க? உங்க வீட்ல நீங்க இருப்பீங்க. கோவமா இருப்பீங்க, அவ்வளவுதான். இங்க இந்த நாலு பேரும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் போகாத ஊரை நெனச்சுக்குவாங்க. எனக்கு அது வேணாம்."

"அப்போ நான் என்னதான் பண்றது?" என்றாள் ரீக்கே. அந்தக் குரலில் கோபம் தணிந்திருந்தது.

"எழுதினதை அழி. வர்றவங்களை நல்லா கவனி. நெயின்டோவுக்குக் காரம் இல்லாம சோறு இறங்காது. மிளகாய்த்தூள் வாங்கி வை."

பேசி முடித்தபோது தான் ஏதோ பெருந்தன்மையாக நடந்துகொண்டதாக வுன்பினிக்குத் தோன்றவில்லை. நாக்கில் கசப்புதான் இருந்தது. உள்ளே போனபோது ஆறிப்போன களியை நெயின்டோ மாற்றிச் சூடாக வாங்கி வைத்திருந்தான். அவள் அவனிடம், "போயிட்டு வாங்கடா" என்றாள். அவன் தலையாட்டிவிட்டுப் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவி வந்தான்.

நால்வரும் கிளம்பிப் போன வாரம் பெருமழை தொடங்கியது. மாலையில் கிழக்கிலிருந்து காற்று புழுதியைக் கிளப்பும், அதன் பின்னாலேயே மழை சாய்ந்து அடிக்கும். மூன்றாவது மழைக்குப் பிறகு விடுதிப் பெண் ஒருத்தி வந்து, "அக்கா, படிப்பறைச் சுவரு கரையுது" என்றாள்.

கிழக்குச் சுவரின் அடிக்கற்கள் எலி கடித்த ரொட்டி போல இருந்தன. விரலால் தொட்டால் செம்மண் விரலோடு வந்தது. தகரம் சுவரைத் தாண்டி ஒரு சாண்கூட நீளவில்லை. ஜனவரியில் தகரம் போதாமல் போனபோது, அறையைச் சுருக்குவதா, கூரையின் நீட்டத்தைக் குறைப்பதா என்று பேச்சு வந்தது. இரண்டு மேசை கூடுதலாகப் போடலாம் என்று எல்லாரும் பெரிய அறைக்கே கை தூக்கினார்கள். வுன்பினியும் தூக்கினாள். உதடு வெடிக்கிற அந்தக் காற்றில் மழை யாருக்கு ஞாபகம் வரும்? அல்ஹாசன் சார்கூடச் சரியென்றுதான் சொன்னார்.

படம் எடுத்து நெயின்டோவுக்கு அனுப்பினாள். உடனே பதில் வந்தது. "இதைக் குழுவுல போட்டுடாத. நாளன்னிக்கு இங்க பெரிய கூட்டம், அந்த அறையைப் பத்தித்தான் பேசப்போறேன். ஊருக்கு வந்து பார்த்துக்கலாம்."

அவள் குழுவில் போடவில்லை. ரீக்கேவுக்கு மட்டும் அனுப்பினாள். அனுப்பிவிட்டு, அவள் ஏதாவது சமாதானம் சொல்வாள், அல்லது வருத்தப்படுவாள் என்று எதிர்பார்த்தாள். ரீக்கே போனில் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி மேலேருந்து அடிச்சதா, தரையிலேருந்து தெறிச்சதா?"

"ரெண்டும். ஆனா தெறிச்சதுதான் ஜாஸ்தி. கீழ ரெண்டு வரிசைதான் போயிருக்கு."

"பக்கத்துல மண்தரையா? சரளை போட்டிருந்தா தெறிக்காதே."

"போடல. நீயும் சொல்லல, நானும் சொல்லல."

விசாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாய்ப்பு இறக்குவதா, பூச்சு பூசுவதா, கல்லில் சிமெண்டு குறைந்துபோனதா என்று வாதாடினார்கள். நடுவில் ரீக்கே கேட்டாள்: "உங்க பக்கத்துல மழை அதிகமா இருக்கிற ஊர்ல மண்சுவரை என்ன பண்றாங்க?"

"எல்லைக்கு அந்தப் பக்கம், டோகோவுல, மண்ணாலயே மாடி வெச்சுக் கட்டுறவங்க இருக்காங்க. கோட்டை மாதிரி இருக்குமாம். எங்களுக்குப் பெய்யுற மழைதான் அங்கயும்."

"நீ பார்த்திருக்கியா?"

"இல்ல."

"ரொம்ப தூரமா?"

"காலையில கிளம்பினா சாயங்காலம் போயிடலாம்."

"அப்புறம் ஏன் போகல?"

கடல் தாண்டி வைக்கோல் சுவரைப் பார்க்க அக்ரா வரை பஸ்ஸேறிப் போய் வரிசையில் நின்றவள் வுன்பினி. பக்கத்து நாட்டு மண்சுவரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. "யாரும் கூப்பிடல" என்றாள் கடைசியில். சொன்ன பிறகு அது அவளுக்கே சரியான பதிலாகத் தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில் விடுதிப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு காட்டுக்கம்பு நட்டு, பழைய தகரத்தால் கிழக்குப் பக்கம் ஒரு சாய்ப்பு இறக்கினாள். பார்க்க அழகாக இல்லை. மழை சுவரைத் தொடவில்லை.

திரும்பி வந்த நெயின்டோ இளைத்திருந்தான். எல்லாருக்கும் சாக்லேட், வுன்பினிக்கு மட்டும் ஒரு கம்பளித் தொப்பி. யெண்டியில் அதை எப்போது போடுவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

"கரண்டு எடுக்கிற காத்தாடி உள்ளயே ஏறிப்போனேன் தெரியுமா? ஏணி மேல போய்க்கிட்டே இருக்கு, முடியவே முடியாது" என்று தொடங்கியவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"ஏன்டா நிறுத்தின? சொல்லு. மேல போனா ஆடுமா?"

"ஆடும். நான் கம்பியை விடவே இல்ல." கொஞ்சம் தயங்கிச் சொன்னான்: "அந்தக் கூட்டத்துல உன் சுவரு படத்தை ரீக்கே காட்டிட்டா. என்னைக் கேட்டுட்டுத்தான் காட்டினா. நான் ரொம்ப நேரம் முடியாதுன்னேன், அப்புறம் சரின்னேன். அதுக்கப்புறம் ஒருத்தனும் என் காத்தாடியைப் பத்திக் கேக்கல. சுவரு என்னாச்சு, சுவரு என்னாச்சுன்னே கேட்டாங்க. நான் என்ன கண்டேன்? வுன்பினியைக் கேளுங்க, அவ வரலன்னு சொன்னேன்."

அவள் காற்றாலையைப் பற்றி அவனிடம் துருவித் துருவிக் கேட்டாள். கேட்கக் கேட்க வயிற்றெரிச்சல் இருந்தது, கேட்காமலும் இருக்க முடியவில்லை.

அடுத்த ஜனவரிக்கான ஏற்பாடு தொடங்கியபோது அல்ஹாசன் சாரின் அறைக்குப் போனாள்.

"சார், இந்தத் தடவை அவங்க வந்ததும் எல்லாருமா டோகோ போனா என்ன? நமக்கு விசா வேணாம். அடையாள அட்டை போதும்."

சார் கண்ணாடியைக் கழற்றினார். "அவங்களுக்கு வேணுமே?"

"அவங்களுக்குக் குடுப்பாங்க சார்."

அதில் ஒரு துளி குசும்பு இருந்தது. சார் அதைக் கவனித்தும் கவனிக்காததுபோல இருந்துவிட்டார். செலவு குறைவு என்பதால் ஜெர்மன் பள்ளியும் ஒப்புக்கொண்டது.

ஜனவரியில், தாதாலே என்ற ஊரை ஒட்டிய எல்லைக்கு அவர்கள் வேன் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கானா பக்கம் முத்திரை குத்தியாயிற்று. டோகோ பக்கத்துச் சாவடியில் மாமரத்தடியில் ஒரு பெஞ்சு, உள்ளே ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் மடிப்புக் கலையாத சட்டையில் ஓர் இளம் அதிகாரி. கானா மாணவர்களின் அட்டைகளைப் பார்த்து, முகங்களைப் பார்த்து, போகச் சொன்னார். ஜெர்மன் மாணவர்கள் ஐந்து பேருக்கும் பிரச்சினை இல்லை. ஆறாவதாக ரீக்கே நீட்டியதை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார்.

விசா விண்ணப்பத்தில் ரீக்கே என்று எழுதியிருந்தாள். பாஸ்போர்ட்டில் ஃப்ரீடெரீக்கே என்று இருந்தது.

"ரெண்டும் ஒரே ஆளுன்னு எனக்குத் தெரியுது" என்றார் அதிகாரி, நிதானமான ஆங்கிலத்தில். "கம்ப்யூட்டருக்குத் தெரியாது. தலைநகருக்கு எழுதிக் கேட்கணும். உக்காருங்க."

சார் பேசிப் பார்த்தார். அதிகாரி மரியாதையாகவே கேட்டுக்கொண்டு, மரியாதையாகவே தலையாட்டினார். மற்றவர்கள் வேனில் வெந்துகொண்டிருந்தார்கள். தான் இருப்பதாகவும் வேன் போகட்டும் என்றும் சார் சொன்னார்.

"வழியில உங்க பிரெஞ்சு வேணும் சார்" என்றாள் வுன்பினி. "நான் இருக்கேன். நீங்க அடுத்த ஊர்ல காத்திருங்க."

சார் அரை மனதோடு அதிகாரியிடம் தன் எண்ணைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு மறைந்தது.

பெஞ்சில் ரீக்கே ஓரத்தில் உட்கார்ந்து நகம் கடித்தாள். சேனைபோலப் பெரிய கிழங்குகளைத் தலையில் சுமந்த பெண்கள் சாவடியைத் தாண்டி அந்தப் பக்கம் போனார்கள். வெங்காய மூட்டை கட்டிய சைக்கிள்கள் இந்தப் பக்கம் வந்தன. யாரும் அவர்களை நிறுத்தவில்லை. பின்னாலேயே ஓர் ஆடு, குட்டியோடு, தடுப்புக் கட்டைக்கு அடியில் குனிந்து போயிற்று.

"ஆடுகூடப் போகுது!" என்றாள் ரீக்கே.

"அதுக்கு ஒரே பேருதான்."

"சிரிக்காத. ஒரு பேரு, அதுவும் என் பேரு! சின்ன வயசுலேருந்து எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுறாங்க. நான் என்ன இங்கயே தங்கிடப் போறேனா? திரும்பிப் போக எனக்கு டிக்கெட் இருக்கு!"

சொல்லி முடித்ததும் அவளே நிறுத்திக்கொண்டாள். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது. மெதுவாகத் திரும்பி, "வுன்பினி..." என்றாள்.

"விடு."

"இல்ல, நான் அன்னைக்கு அவ்வளவு நீளமா எழுதினேனே, அப்போ எனக்கு..."

"தெரியும். விடு."

இந்த ஒரு மணி நேரம் ரீக்கேயின் வாழ்க்கையில் வர வேண்டும் என்று வுன்பினி ஏழெட்டு மாதமாக ஆசைப்பட்டிருந்தாள். யாரிடமும் சொன்னதில்லை. இதோ வந்துவிட்டது. புழுதி படிந்த கன்னத்தில் கண்ணீர் இரண்டு கோடாக இறங்கியிருக்க, மூக்கு சிவந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நினைத்த அளவுக்கு அது இனிக்கவில்லை. எழுந்து போய்ச் சாலையோரம் கிழங்கு சுடுகிறவளிடம் ஒரு துண்டு வாங்கி, மிளகாய்ப்பொடி தூவி எடுத்து வந்தாள்.

கிழங்கைக் கையில் வாங்கிக்கொண்ட ரீக்கே, "உன்னோடதும் இதுவும் ஒண்ணு இல்லைன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

"இல்லதான். உனக்குப் பேருல தப்பு. பேரைத் திருத்திட்டாப் போயிடலாம். எனக்கு எதைத் திருத்துறதுன்னு இன்னும் தெரியல."

ரீக்கே கிழங்கை இரண்டாக உடைத்து, பெரிய பாதியை நீட்டினாள். காரத்தில் அவளுக்கு மறுபடி கண்ணில் நீர் வந்தது. இப்போது இருவருமே சிரித்தார்கள்.

"மறுபடி விண்ணப்பம் போடுவியா?" என்று கேட்டாள் ரீக்கே, வெகு நேரம் கழித்து.

"போடுவேன். உன்னைப் பார்க்க இல்ல. காத்தாடி உள்ள ஏறணும். நெயின்டோ தொல்லை தாங்கல."

மாமரத்து நிழல் பெஞ்சை விட்டு நகர்ந்த பிறகு அதிகாரி வாசலுக்கு வந்தார். "மதாம் ஃப்ரீடெரீக்கே" என்று முழுப்பேரையும் ஒவ்வோர் எழுத்தாக உச்சரித்துக் கூப்பிட்டார். முத்திரை விழுந்தது. அவரே சாலையில் நின்று இரண்டு மோட்டார் சைக்கிள்காரர்களைக் கைதட்டி நிறுத்தி, கூலி பேசி ஏற்றிவிட்டார்.

மறுநாள் முற்பகலில் அந்த மண் மாடி வீடுகளுக்குப் போனார்கள். வட்ட வட்டமான மண் கோபுரங்கள், அவற்றை இணைக்கும் சுவர், மேலே மொட்டைமாடி, மாடியில் கம்பும் சோளமும் காய்ந்தன. மற்றவர்கள் ஏணியாகச் சாய்த்திருந்த கவட்டைக் கட்டையில் ஏறி மாடிக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வுன்பினி ஏறவில்லை. சுவர் தரையைத் தொடும் இடத்தில் குந்தி உட்கார்ந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வழுவழுவென்று, பானையின் முதுகைப் போல இருந்தது. தேய்த்தாள். கையில் மண் ஒட்டவில்லை. மூக்கருகே கொண்டுபோனால் தெரிந்த வாசனை, வீட்டில் குழம்புக்குப் போடும் தவாதவா மரத்துக் காயின் வாசனை. கொட்டையைத்தான் குழம்புக்கு எடுப்பார்கள். தோலை எறிந்துவிடுவார்கள்.

"ரீக்கே, இங்க வா. மோந்து பாரு."

இருவரும் சுவரில் மூக்கை வைத்திருந்தபோது அந்த வீட்டுப் பெண் மூலையில் திரும்பி வந்தாள். முழங்கை வரை மண். பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் பூச்சு வேலையில் இருந்தார்கள். வுன்பினி எழுந்து, தனக்குத் தெரிந்த சந்தை ஹவுசா மொழியில் வணக்கம் சொன்னாள். அந்தப் பெண்ணின் ஹவுசாவும் ஏறக்குறைய அதே அளவுதான்.

"நீ எங்கேருந்து?"

"யெண்டி. அந்தப் பக்கம்."

"இவ?"

"ரொம்ப தூரம்."

"இவ உனக்கு யாரு?"

தோழி என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தச் சொல் சந்தையில் யாரையும் கூப்பிடுகிற சொல். விருந்தாளி என்றால் அதுவும் முழுசாக இல்லை. "நாங்க சேர்ந்து மண் வேலை செய்றவங்க" என்றாள்.

அந்தப் பெண் ரீக்கேயின் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அடுப்பில் அந்தக் காயின் தோலோடு கொதித்துக்கொண்டிருந்த செம்பழுப்புச் சாற்றைக் காட்டி, ஒரு பானையை வுன்பினியிடமும் ஒரு பழந்துணியை ரீக்கேயிடமும் நீட்டினாள்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் ரீக்கே.

"சும்மா மோந்து பார்த்துட்டுப் போகக் கூடாதாம். அந்தச் சுவரு நம்மளோடது."

"இதுல தண்ணி எவ்வளவு, தோலு எவ்வளவுன்னு கேளு."

"மொதல்ல துணியை நனைடி. கேக்குறேன்."

மாடியிலிருந்து நெயின்டோ எட்டிப் பார்த்து, கீழே நடப்பதைப் பார்த்துவிட்டு, போனைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தான். சட்டைக் கையை மடித்தபடி, தனக்கும் ஒரு துணி இருக்கிறதா என்று கேட்டான்.